எடை குறைக்கக் குழுவில் சேரலாமா? எப்படிப்பட்ட குழுவில் சேரலாம்?

"எனக்கு வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். தனியாகப் பலமுறை எடையைக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் எடை குறைப்புக் குழுவுக்கு வரச் சொல்லித் தோழி கூப்பிடுகிறாள். நாலு பேர் முன்னால் எடை பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. குழுவால் உண்மையிலேயே பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு என்பதே என் பதில். சேலத்தில் உணவு ஆலோசகராகப் பணிபுரிந்துகொண்டு, சனிக்கிழமை மாலைகளில் இத்தகைய குழு ஒன்றை நீண்ட காலமாக நடத்திவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். சோற்றைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்பதை அறியாதவர் எவரும் என்னிடம் வந்ததில்லை. வீட்டில் விசேஷம் வரும் வாரத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில், மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில், எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை ஒரு கிலோ கூடிப்போன வாரத்தில்தான் அந்த அறிவு கைகொடுக்காமல் போகிறது. தனியாக முயல்பவர் அந்த வாரத்தோடு விட்டுவிடுகிறார். அவரை அடுத்த வாரமும் வந்து உட்காரச் செய்வதே குழுவின் முதல் வேலை என்று கருதுகிறேன். ஆகவே, தோழி கூப்பிடும் குழுவைப் பற்றி விசாரிக்கும்போது, அங்கே யார் எத்தனை கிலோ இளைத்தார் என்று கேட்பதைவிட, எடை ஏறியவர்கள் தொடர்ந்து வருகிறார்களா என்று கேளுங்கள்.

இத்தகைய குழுக்களுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி, கர்ப்பிணிகளுக்கான கூட்டங்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வதைக் கண்டு, அதே முறையில் எடை குறைக்க 'டாப்ஸ்' என்ற சங்கத்தை 1948-இல் தொடங்கினார். 1961-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, நகரச் சுகாதாரத் துறையினர் தந்த உணவுமுறையைத் தனியாகக் கடைப்பிடிக்க முடியாமல் தோழிகளை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். அதுவே 1963-இல் 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனமாயிற்று. இரண்டு இடங்களிலும் தொடக்கம் நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதுதான்.

மனநிறைவு கிடைக்கும் என்பதற்காக மட்டும் நான் குழுவைப் பரிந்துரைக்கவில்லை. ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 166 பேரைக் கொண்டு செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் தனியாகவும் சிலர் தமக்குத் தெரிந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டும் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தார்கள். தனியாகச் சேர்ந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதத்தினர் திட்டத்தை முடித்தார்கள். அவர்களில் குறைத்த எடையைப் பத்தாம் மாதம் வரை முழுமையாகக் காத்துக்கொண்டவர்கள் 24 சதவீதத்தினரே. நண்பர்களோடு சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதத்தினர் முடித்தார்கள். 66 சதவீதத்தினர் எடையைக் காத்துக்கொண்டார்கள். உங்கள் சிக்கல் குறைப்பதில் இல்லை, குறைத்ததைக் காப்பதில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இந்த இரண்டாவது கணக்கை உங்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். 2001-இல் வெளியான வேறோர் ஆய்வு, தனி ஆலோசனையையே விரும்பியவர்களைக்கூடக் குழுவில் சேர்த்துப் பார்த்தது. அவர்களும் தனி ஆலோசனை பெற்றவர்களைவிட அதிகம் குறைத்தார்கள். கூச்சம் உள்ளவருக்குக் குழு ஒத்துவராது என்று நீங்களாக முடிவு செய்துவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

நம் ஊர்ப்பக்கத்துச் சான்றும் இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, எடை கூடிய 578 பேரைக் கொண்டு சென்னையில் நடந்த 'டி-கிளிப்' ஆய்வில், வாரந்தோறும் குழுவாகக் கூடி உணவும் உடற்பயிற்சியும் கற்றவர்களுக்கு, தேவைப்பட்டோருக்கு மட்டும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது; மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட 32 சதவீதம் குறைந்தது. அதன் முடிவுகள் 2016-இல் வெளியாயின. மறுபக்கத்தையும் சொல்வதுதான் நேர்மை: கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளூர்க்காரர்களே தலைமையேற்று நடத்திய குழுக்களை 1,007 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுப் பழக்கம் போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தபோதிலும், சர்க்கரை நோய் வருவதில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. குழு என்ற பெயர் மட்டுமே எதையும் சாதித்துவிடாது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். நல்ல குழுவில் எடையைப் பலர் முன்னால் பார்ப்பதும் இல்லை, உரக்கப் படிப்பதும் இல்லை. எங்கள் குழுவில் தராசு பக்கத்து அறையில் இருக்கும், கதவு சாத்தியிருக்கும், உள்ளே எடை பார்ப்பவரும் பதிவேடு எழுதுபவரும் மட்டுமே இருப்பார்கள். புதிதாக வரும் பெண்கள் தாலிக்கொடியைத் தவிர வளையல், கைக்கடிகாரம், செல்போன், சாவிக்கொத்து என எல்லாவற்றையும் மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவார்கள். எண்ணைப் பார்க்காமல் பதிவேடு எழுதுபவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்பதை நாங்கள் பயிற்சியாகவே வைத்திருக்கிறோம். எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு, "உட்காருங்கக்கா, இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்பதோடு சரி. கூட்டத்தில் எடையைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். சேரப்போகும் குழுவில் இதற்கு மாறாக நடந்தால், கரும்பலகையில் பெயரும் கிலோவும் எழுதினால், முதல் நாளிலேயே எழுந்து வந்துவிடுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

கூச்சத்துக்குக் காரணம், நாம் மட்டுமே இப்படி இருக்கிறோம் என்ற எண்ணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கு உடல் நிறைக் குறியெண் (BMI; கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதமாக இருந்தது. பத்துப் பெண்களில் நால்வர் உங்களைப் போல்தான் இருக்கிறார்கள். உங்கள் குறியெண் 29.6 வருகிறது. நம் போன்ற ஆசியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 22-க்கோ 23-க்கோ உடனே இறங்க வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். இப்போதைய எடையில் 5 சதவீதம், அதாவது 3.7 கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். அதை ஆறு மாதத்தில் அடைந்து, அடுத்த ஆறு மாதம் ஏறாமல் வைத்திருந்தால், இதுவரை நீங்கள் செய்த முயற்சிகள் எல்லாவற்றையும்விட அது பெரிது.

தராசைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் குழுவில்தான் எளிது. முதல் பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று துள்ளுபவர்களிடம், அதில் பெரும்பகுதி நீர் என்று நான் சொல்லிவிடுவேன். ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கிறது. சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது அதுதான். அதே கணக்குதான் திரும்பும்போதும்: கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால், அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர். ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்த விருந்திலும் ஒரே வேளையில் அது நடக்காது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் எடை கூடித்தான் காட்டும். இவற்றைப் புத்தகத்தில் படித்தாலும், தனக்கு நேரும்போது மனம் ஏற்றுக்கொள்வதில்லை. "எனக்கும் போன மாசம் இப்படித்தான் காட்டுச்சு, அடுத்த வாரமே இறங்கிடுச்சு" என்று பக்கத்து நாற்காலிக்காரி சொல்லும்போது ஏற்றுக்கொள்கிறது.

சேலத்தில் இதற்கான உண்மையான சோதனை ஆடியில் வருகிறது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஊரெல்லாம் சொந்தபந்தம் வந்திறங்கி, பொங்கலும் மாவிளக்கும் கறிவிருந்துமாக அந்த வாரம் போய்விடும். அடுத்த சனிக்கிழமை பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். குழு பிழைப்பதும் கலைவதும் அந்த ஒரு சனிக்கிழமையில்தான் என்பதைக் கண்டுகொண்ட பிறகு, பண்டிகைக்கு மறுவாரம் தராசையே வெளியே எடுப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை இரவே ஒருவருக்கொருவர் போன் செய்து, "நாளைக்கு எடை பார்க்கிறது இல்லைங்க, சும்மா வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். வந்தவர்கள் யார் வீட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பேசுவார்கள். பேச்சினிடையே, மீந்த குழம்பை யார் சாப்பிட்டது என்ற கேள்வி வரும். பத்தில் எட்டு வீட்டில் பதில் ஒன்றுதான், வீட்டுக்காரம்மா. வீணாக்க மனமில்லாமல் பாத்திரத்தைக் காலி செய்வது நம் பெண்களின் எடையில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை எந்த விரிவுரையும் இல்லாமல் அந்தப் பேச்சே உணர்த்திவிடுகிறது. அதற்கு அடுத்த வாரம் அவர்கள் தாமாகவே தராசைக் கேட்கிறார்கள்.

உணவைப் பொறுத்தவரை, யாரோ அச்சடித்த ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயுமான பட்டியலை வைத்து நடக்கும் குழுவைவிட, நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போடும் குழு நூறு மடங்கு மேல். எங்கள் குழுவில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். காலை முதல் இரவு வரை தரையில் உட்கார்ந்த வேலை. ஆள் வரும்போதெல்லாம் டீ. சோறு குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏன் குறையவில்லை என்று அவர் கேட்டபோது, எதிரே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நாளைக்கு எத்தனை டீ, டீக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்டு அங்கேயே கணக்குப் போட்டார். ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம். ஆக 60 கிராம் சர்க்கரை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குச் சொல்லும் மேல்வரம்பு 25 கிராம். அவர் டீயை நிறுத்தவில்லை. வியாபாரத்தில் அது முடியாது. சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தார். நாலு மணிக்குப் போண்டாவுக்குப் பதிலாக வீட்டிலிருந்து சுண்டல் டப்பா வந்தது. நான் அறையில் உட்காரவைத்து இதையே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். நாலு பேர் சேர்ந்து போட்ட கணக்கு என்பதால் செய்தார்.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேகோ ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அதை இலேசான உணவு என்று பலர் நம்புகிறார்கள். வயிற்றுக்கு இலேசு என்பது சரி. ஆனால் மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாரையும் புரதத்தையும் நீக்கிவிட்டு எடுத்த மாவுச்சத்துதான் அது. 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. எடை குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பதால் பசி சீக்கிரம் திரும்புமே தவிர எடை குறையாது. அதற்குப் பதில் ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பொரியல், கெட்டியான பருப்பு அல்லது ஒரு முட்டை என்பது மேல். மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டை யாரும் விடச் சொல்லவில்லை. சேலத்தில் இருந்துகொண்டு அதை விடு என்று சொல்லும் குழு நிலைக்காது. ஒரு செட்டை இருவர் பகிர்ந்துகொள்வது, துருவிய பீட்ரூட்டையும் காரட்டையும் கூடுதலாக வைக்கச் சொல்வது, வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது போதும்.

நடைப்பயிற்சிக்குக் குழு தரும் உதவி வேறு வகையானது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேலத்து வெயிலில் காலை ஏழு மணிக்கு முன் நடந்து முடித்தால்தான் உண்டு, அதற்கு ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும், அந்த இருட்டில் ஒரு பெண் தனியாக மூக்கனேரிக் கரைக்கோ ஏற்காடு அடிவாரத்துக்கோ போக வீட்டில் விடமாட்டார்கள். மூன்று பேர் சேர்ந்தால் விடுவார்கள். தெருமுனையில் இருவர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், போர்வையை விலக்கி எழுந்திருக்கவும் மனம் வரும். காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களில் பெரும்பாலோர் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் நடப்பார்கள்.

பவுடர், ஷேக், மாத்திரை விற்பதற்காகக் கூட்டப்படும் குழுக்களிலும், மாதக் கடைசியில் அதிகம் இளைத்தவருக்குப் பரிசு என்று போட்டி வைக்கும் குழுக்களிலும் சேர வேண்டாம். முதல்வகை உங்கள் பணத்துக்காக நடப்பது. இரண்டாவது வகையில் பரிசு வாங்குபவர் பட்டினி கிடந்து வாங்குவார், வாங்காதவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

தோழியின் குழு சரியில்லை என்று தோன்றினால், நீங்களே தொடங்கலாம். அதற்கு நம் பெண்களுக்குப் பழகிய வடிவம் கைவசம் இருக்கிறது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரியில்தான் 1989-இல் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. குறித்த நாளில் கூடுவது, வருகைப் பதிவேடு, பொறுப்பைச் சுழற்சியில் மாற்றிக்கொள்வது, வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய் விசாரிப்பது என்ற அந்தக் குழுக்களின் பழக்கங்கள் அத்தனையும் இங்கே அப்படியே உதவும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும்; அதற்கு மேல் போனால் எல்லோருக்கும் பேச வாய்ப்பு வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒவ்வொருவரும் போன வாரம் செய்ய முடிந்தது ஒன்று, முடியாதது ஒன்று, வரும் வாரம் செய்யப்போவது ஒன்று என்று மூன்றை மட்டும் சொன்னால் போதும். வரும் வாரத்துக்கானது "குறைத்துச் சாப்பிடுவேன்" என்பது போல் இல்லாமல், "இரவு தோசையை மூன்றிலிருந்து இரண்டாக்குவேன்" என்பது போல் இருக்க வேண்டும். அறிவுரை சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். கேட்டால் மட்டுமே சொல்வது என்ற ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து யாராவது ஒருவரை, முடிந்தால் கணவரை, மாதம் ஒரு கூட்டத்துக்கு அழைத்து வருவதும் நல்லது. எடை குறையத் தொடங்கியதும் "என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அக்கறையில்தான் கேட்கிறார்கள் என்றாலும் அந்தக் கேள்வி பல பெண்களின் உறுதியைக் கரைத்திருக்கிறது. அப்போது பதில் சொல்ல வீட்டுக்குள்ளேயே ஒருவர் வேண்டும்.

எடை அசையாத மாதங்களும் வரும். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையாதபோதும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எனவே பதிவேட்டில் கிலோவுக்குப் பக்கத்தில் இடுப்பளவு, இரத்த அழுத்தம், அந்த வாரம் நடந்த நாட்கள் ஆகியவற்றுக்கும் கட்டம் போடுங்கள். ஒன்று நகராத மாதத்தில் மற்றொன்று நகர்ந்திருக்கும்.

சேருவதற்கு முன் தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகிய நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தைராய்டு குறைபாடு இருந்தால் அதற்கு மாத்திரை எடுக்காமல் குழுவில் உழைப்பது வீண் சோர்வு. குழுவில் சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் யாராவது இருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காலை நடையின்போது சர்க்கரை இறங்கி மயக்கம் வரக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைப்பதற்காகச் சேர வேண்டாம். இவற்றைப் பார்த்து முடித்துவிட்டால், வரும் சனிக்கிழமையே தோழியோடு போய்ப் பாருங்கள். முதல் நாள் தராசில் ஏற மனமில்லை என்றால், ஏறாமலே உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே அது எப்படிப்பட்ட குழு என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.